இரும்புத்திரையை இறக்கிய கை

டொக்யார்ட் சங்கு காலை ஏழு மணிக்கு ஊதியபோது மக்டலின் தேசிய அரங்கின் பின்கதவுப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள்.

பூட்டுத் திறந்தது. கதவு திறக்கவில்லை. தீயணைக்க அடித்த தண்ணீரில் பலகை ஊதிப் போயிருந்தது. ஸுஹைர் தோளைக் கொடுத்து முட்டினான். இரண்டாம் முட்டில் கதவோடு சேர்ந்து அவனும் உள்ளே போய் விழுந்தான்.

"நெருப்பு வைச்சவன் இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டான்," என்றான், முழங்காலைத் தட்டிக்கொண்டு.

"அவன் வரேக்கை பலகை காய்ஞ்சிருந்தது," என்றாள் மக்டலின்.

அவள் துறைமுகச் சுங்கத்தில் பெண் பயணிகளைச் சோதிக்கும் உத்தியோகத்தில் இருந்தவள். சேலை மடிப்பில் கைமணிக்கூடு, கொண்டைக்குள் தங்கக் காசு என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. வேலையை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. களவு போனவர்களும் ஏமாந்தவர்களும், பொலிசுக்குப் போக மனமில்லாவிட்டால், அவளிடம் வந்தார்கள். அலைவதற்கு அவளுக்கு ஒரு கார் தேவைப்பட்டது. வாடகைக் கார் ஓட்டிய ஸுஹைருக்கு, தன் கதையைக் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படி உண்டான கூட்டு அது.

இந்த முறை வந்தவள் மரியமலர். அரங்கின் காவற்காரன் கிறிஸ்தோபரின் மனைவி. சனிக்கிழமை பொழுதுபடுகிற நேரம் அரங்கு எரிந்தது. கிறிஸ்தோபர் உள்ளேயிருந்து ஓடி வந்ததை காயப்போட்ட வலையை அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேர் கண்டார்கள். அவனுடைய மண்ணெண்ணெய்ப் போத்தல் வெறுமையாய் மண்டபத்துக்குள் கிடந்தது. பொலிசுக்கு அது போதும். இன்று செவ்வாய். நாளைக் காலை அவனை நீதவான் கோட்டில் நிறுத்துவார்கள். மரியமலர் நேற்றுப் பாலையூற்றிலிருந்து நடந்தே வந்து மக்டலினின் வாசலில் நின்றாள். அழவில்லை. "அவர் செய்யேல்லை அக்கா," என்று ஒருமுறை சொன்னாள். பிறகு அப்படியே நின்றாள். அந்த நிற்பைத்தான் மக்டலினால் தாங்க முடியவில்லை.

அவர்கள் இப்போது நின்றது மேடையில். அங்கே எரிந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. நாடகத்துக்குச் செய்த சிம்மாசனம் அதன் இடத்தில் இருந்தது. பின்சுவரில் வெள்ளைத் துணி தொங்கியது. முன்பக்கத்தில், மேடைக்கும் மண்டபத்துக்கும் நடுவே, இரும்புத்திரை நிலம்வரை இறங்கி நின்றது. அதற்கு அப்பால் கூரையில்லை. கதிரைகள் இல்லை. வானமும் சாம்பலும்தான்.

ஊர் இதை அற்புதம் என்றது. சிலர் கோணேசருக்கு நேர்த்தி வைத்தார்கள். சிலர் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்கள். சூட்டில் கயிறு எரிந்து திரை தானாக விழுந்து மேடையைக் காப்பாற்றியது என்பது படித்தவர்களின் கதை.

ஸுஹைர் இரும்பைத் தட்டிப் பார்த்தான். இரும்புத்திரை ரஷ்யாவில் இருப்பதாகப் பேப்பரில் வாசித்தவன் அவன். அதைத் திருகோணமலையில் காண்பான் என்று நினைக்கவில்லையாம்.

"கையைத் துடை," என்றாள் மக்டலின்.

"ஏன் அக்கா?"

"துடை. பக்கக் கதவால மண்டபத்துக்குள்ள போ. அங்க சுவரில ஒரு கையை வை. திரும்பி வந்து மற்றக் கையை இந்தத் துணியில வை."

அவன் போய் வந்தான். வெள்ளைத் துணியைத் தடவினான். இரண்டு கைகளையும் நீட்டினான். ஒன்று கரி. ஒன்று சுத்தம்.

"இன்ஸ்பெக்டருக்கு எந்தக் கையால சலாம் வைக்கிறது?" என்றான்.

"கயிறு எரிஞ்சு திரை விழ எவ்வளவு நேரம் பிடிக்கும்? அதுவரைக்கும் புகை எங்க போகும்?"

ஸுஹைர் துணியைப் பார்த்தான். மண்டபம் முழுக்கப் பற்றிய பிறகுதான் கயிறு எரிந்திருக்கும். அதற்குள் புகை மேடையை நிரப்பியிருக்கும். துணி அடுப்படிச் சுவர் மாதிரிக் கறுத்திருக்கும். ஆனால் அது நேற்றுத் தோய்த்தது போல இருந்தது.

"அப்ப திரை முதல். நெருப்புப் பிறகு," என்றான் மெதுவாக. "மேடையைக் காப்பாத்திப்போட்டு மண்டபத்தை எரிச்சிருக்கான். வீட்டுக்காரியை வெளியில அனுப்பிப்போட்டுக் களவெடுக்கிற மாதிரி. நல்ல மனுசன்."

அவள் இடப்பக்கச் சுவருக்குப் போனாள். சுவரோடு சுவராகப் பூசியிருந்த ஒரு பலகையில் விரலை விட்டு இழுத்தாள். அது ஓர் அலுமாரிக் கதவு. உள்ளே ஒரு சக்கரம். அதைச் சுற்றி உருக்குக் கம்பி. கீழே ஒரு பிடி. பிடியைத் தடுத்து நிறுத்தும் ஆணி கழற்றப்பட்டு, பக்கத்துக் கொளுக்கியில் ஒழுங்காகத் தொங்கியது. எரிவதற்குக் கயிறே இருக்கவில்லை. யாரோ ஆணியைக் கழற்றி, பிடியைத் தாழ்த்தி, திரையை இறக்கி, ஆணியை அதன் இடத்தில் கொளுவிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஸுஹைர் அவளையும் அலுமாரியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, நீங்க இதைத் தேடவே இல்லையே."

அவள் குனிந்தாள். இரும்புத்திரையின் அடியில், மேடைப் பக்கத்தில், காய்ந்த நீலப் பெயின்ற் துண்டுகள் உதிர்ந்து கிடந்தன. ஒரு தடித்த துண்டை எடுத்துக் கைலேஞ்சியில் சுற்றினாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே அப்போது தெரியாது. சுங்கத்துப் பழக்கம்.

கார் உட்துறைமுக வீதியில் திரும்பியபோது ஸுஹைர் மறுபடியும் அந்த அலுமாரியைப் பற்றிக் கேட்டான். அவள் சொன்னாள்.

யுத்த காலத்தில் வெள்ளைக்கார நேவி கட்டிய கொட்டகை அது. கப்பலில் இருந்து இறங்கும் மாலுமிகள் சிரிப்பதற்காக, மற்ற மாலுமிகள் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு பெண் வேஷம் கட்டினார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இரும்புத்திரையைச் சபையின் கண்முன் ஒருமுறை இறக்கி ஏற்றுவார்கள். தீப்பிடித்தால் இது வேலை செய்யும், பயப்படாமல் இருங்கள் என்று காட்டுவதற்கு.

ஐம்பத்தேழில் நேவி போனது. கொட்டகை நாடக மன்றத்தின் கைக்கு வந்தது. மன்றம் என்றால் தவராசா மாஸ்டர். அவர் முகப்பில் இருந்த நங்கூரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேசிய அரங்கு என்று எழுதுவித்தார். யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. நாடு நம்முடையதானால் கொட்டகையும் தேசியம்தான் என்றார். ஊர் அதைத் தொடர்ந்து நேவிக் கொட்டகை என்றுதான் சொன்னது. மாஸ்டர் ஒவ்வொரு முறையும் திருத்தினார்.

முதல் நாடகத்தில் அவர் ராசா. ராணி மக்டலின். அதுவரைக்கும் இந்தப் பக்கத்தில் ராணிகளுக்கு மீசை வழித்துத்தான் பழக்கம். முதலாம் காட்சியிலேயே தகரக் கூரையில் கல் விழுந்தது. மாஸ்டர் முடியோடும் வாளோடும் சபைக்கு முன்னால் போய் நின்று, இந்தப் பிள்ளையைக் கூட்டி வந்தவன் நான், எறிகிறவர்கள் எனக்கு எறியுங்கள் என்றார். கல் நின்றது. அன்றிலிருந்து மக்டலினுக்கு அவர் ஒரு தனிக் கணக்கு. அவர் கதவைத் தட்டினால் ஏன் என்று கேட்காமல் திறப்பாள்.

நேவியின் வழக்கத்தை மாஸ்டர் நிறுத்தினார். திரை விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம், தொடங்குமுன்னரே அதை விழுத்துவதா என்றார். இரும்புத்திரை மேலே போனது. பிறகு கீழே வரவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அப்படி ஒன்று மேலே இருப்பதே தெரியாது. வருஷா வருஷம் ஆண்டு நாடகத்துக்கு முன்னால் மன்றத்தவர் எல்லோரும் சேர்ந்து மேடை முகப்புக்குக் கப்பல் நீலம் பூசுவார்கள். உச்சிப் பகுதியை மட்டும் மாஸ்டர் வேறு யாருக்கும் விடுவதில்லை. ஏணியில் நின்று தானே பூசுவார்.

"அந்தப் பிடி?" என்றான் ஸுஹைர்.

"நேவி கொட்டகையின்ர திறப்பைக் கையில குடுத்த நாள், மற்ற ஆக்கள் எல்லாம் மண்டபத்தில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டினம். ஒரு சிவத்த மாலுமி ரெண்டு பேரை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவன்."

"எந்த ரெண்டு பேர்?"

"மாஸ்டர். நான்."

ஒரு மான் குறுக்கே நின்றது. ஸுஹைர் ஹோர்ன் அடித்தான். அது நகரவில்லை. காரை நிறுத்தினான்.

"அக்கா, நான் கணக்கில மோசம். ஆனா ரெண்டில ஒண்டு போனா எவ்வளவு எண்டு எனக்கும் தெரியும்."

"மூண்டாவது ஆள் ஒருத்தன் இருப்பான்," என்றாள் மக்டலின். "மாஸ்டர் ஆருக்காவது காட்டியிருப்பார். அவனைத்தான் தேடப் போறம்."

அவளுக்கு அந்த மூன்றாவது ஆள் வேண்டும். பெயர் எதுவானாலும் பரவாயில்லை.

பொலிஸ் நிலையத்தில் கிறிஸ்தோபரைக் கம்பிக்குப் பின்னால் பார்த்தாள். பெரிய உடம்பு. மூன்றே நாளில் போட்டிருந்த சேட்டு அவனுக்குப் பெரிதாகிவிட்டது. சனிக்கிழமை மாதா கோயில் திருநாள் வேஸ்பர் மாலை ஆராதனைக்குப் போனவன். மாஸ்டர்தான் போகச் சொன்னார். ஏழு மணிக்குப் பிறகு வந்தால் போதும் என்றும் சொன்னார். மழை இருட்டியது. காயப்போட்ட பாயும் போர்வையும் நனைந்துவிடும் என்று வேளைக்கே திரும்பினான். புகையைக் கண்டான். வாளியோடு உள்ளே ஓடினான். மண்ணெண்ணெய்ப் போத்தல் அரங்கு வளவில் அவன் தங்கும் காவற்குடிலில் இருந்தது, எப்படி உள்ளே போனது என்று அவனுக்குத் தெரியாது.

இரும்புத்திரையைப் பற்றிக் கேட்டாள். அவன் யோசித்தான்.

"அது மேல கட்டின சுவர் எண்டெல்லோ நினைச்சன். அது இறங்குமோ?"

அலுமாரியைப் பற்றிக் கேட்டாள்.

"சுவருக்குள்ள அலுமாரியோ?" என்றான். அவனுடைய முகத்தில் அவள் தேடியது இருக்கவில்லை. சுங்கத்தில் எத்தனையோ முகங்கள் அவளிடம் பொய் சொல்லியிருக்கின்றன. இது அவற்றில் ஒன்று இல்லை.

அவள் திரும்பும்போது கூப்பிட்டான். "அக்கா, நான் இங்க இருக்கிறது மாஸ்டருக்குத் தெரியுமோ? அவர் வந்து ஒரு சொல்லுச் சொன்னால் விட்டுடுவினம்."

தெரியும் என்று மட்டும் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதிரை தந்தார். மரியாதையான ஆள். அந்த மண்டபத்தில் நடித்தவளாமே, மூலை முடுக்கெல்லாம் தெரியுமாமே என்று விசாரித்தார். ஓம் என்றாள். சனிக்கிழமை பின்னேரம் எங்கே இருந்தாள் என்று கேட்டார். வீட்டில் உடுப்பு அழுத்திக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யார்? ஒருவருமில்லை. இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். சும்மா கதைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"என்னவாம்?" என்றான் ஸுஹைர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு விசாரிக்கிறாரா? கலியாணம் பேச வரப்போறார் அக்கா. ஆயத்தமா இருங்க."

வாசலில் மரியமலர் சோற்றுப் பார்சலோடு நின்றாள். உள்ளே விடவில்லையாம். மக்டலின் பார்சலை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, அவளையும் காரில் ஏற்றினாள். எங்கே போகிறோம் என்று மரியமலர் கேட்டாள். லிங்கநகருக்கு, மாஸ்டர் வீட்டுக்கு என்றதும் அவளுடைய தோள் தளர்ந்தது. மூன்று நாளில் முதல் தடவையாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மகனுக்கு முதல் எழுத்து எழுதுவித்தது மாஸ்டர்தான் என்றாள். போன வருஷம் இவருக்கு மஞ்சட்காமாலை வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் மாஸ்டர்தான்.

ஸுஹைர் அந்த வழி முழுக்க ஒரு பகிடியும் விடவில்லை.

மரியமலர் உள்ளே வரவில்லை. கலைந்த சேலையோடு மாஸ்டர் முன்னால் எப்படி வருவது, நீங்கள் கதையுங்கள் என்று காருக்குள்ளேயே இருந்துவிட்டாள்.

தவராசா மாஸ்டர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை பெனியன். தலை நரைத்திருந்தாலும் முதுகு ராசாவின் முதுகுதான். மக்டலினைக் கண்டதும் எழுந்தார்.

"வாரும், மக்டலின். நீர் வருவீர் எண்டு தெரியும். இரும்."

அவர் களைத்திருந்தார். ஆனால் அவருடைய பேச்சில் ஒரு வேகம் இருந்தது. கொழும்பிலிருந்து நேற்று ஆள் வந்து இடத்தைப் பார்த்ததாம். தை மாதம் இதே ஆட்கள்தான் வந்தார்கள். அரசாங்கம் மாகாணங்களில் அரங்கு கட்டப் போகிறது என்று கேள்விப்பட்டு மாஸ்டர்தான் கூப்பிட்டிருந்தார். அவர்கள் நேவிக் கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள். சோடா குடித்தார்கள். உங்களுக்குத்தான் கூரை இருக்கிறதே, கூரையில்லாத ஊருக்கு முதலில் கொடுப்போம் என்றார்கள். அன்று மாஸ்டர் ஒருவரோடும் பேசாமல் வீட்டுக்கு நடந்து போனதை மக்டலின் பார்த்தவள்.

இப்போது அவர்கள் அப்படிச் சொல்லவில்லையாம். மேடை தப்பியிருக்கிறது, அதைச் சுற்றிப் புது மண்டபம் எழுப்பலாம் என்றார்களாம். எழுநூறு பேர் இருக்கலாம். உண்மையான தேசிய அரங்கு. சுரண்டி எழுதியது இல்லை.

மக்டலின் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"மாஸ்டர், அந்த இரும்புத்திரையின்ர பிடியை நீங்கள் ஆருக்காவது காட்டினனீங்களோ?"

அவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்குள் அவள் மாதாவை மன்றாடினாள். ஒரு பெயர். அவள் அறியாத யாரோ ஒருவனின் பெயர்.

"கிறிஸ்தோபருக்குக் காட்டினனான்," என்றார் மாஸ்டர்.

எப்போது என்று கேட்டாள் மக்டலின்.

"போன வருஷம். ஆண்டு நாடகம் முடிஞ்ச பிறகு. தீ கீ பிடிச்சால் உதவும் எண்டு, ஒருக்கா இறக்கி ஏத்திக் காட்டினனான். அவன் இப்பிடிச் செய்வான் எண்டு ஆர் கண்டது?"

அவர் பெருமூச்சு விட்டார். நல்ல பெருமூச்சு. மூன்றாம் வரிசைவரைக்கும் கேட்கும்.

மக்டலின் கைப்பையைத் திறந்து கைலேஞ்சியை எடுத்தாள். அதிலிருந்த துண்டைச் சிறிய மேசையில் வைத்தாள். நீலம். விரல் நகத்திலும் தடிப்பு. வெட்டுமுகத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூச்சுகள் தெரிந்தன. வெளிறிய நீலம், கடும் நீலம், மறுபடியும் வெளிறியது.

"இதின்ர அடியைப் பாருங்கோ, மாஸ்டர். ஒரு பாதியில துரு. மற்றப் பாதியில மரத்தின்ர வரி. மேடை உச்சியில திரையின்ர இரும்பும் சட்டத்தின்ர மரமும் சேருற இடத்தில இருந்தது. வருஷா வருஷம் பூசிப் பூசி ரெண்டையும் ஒட்டி வைச்சிருந்தது."

அவர் துண்டைப் பார்த்தார். தொடவில்லை.

"போன வருஷம் நீங்கள் திரையை இறக்கியிருந்தால் இது அண்டைக்கே ரெண்டாக் கிழிஞ்சிருக்கும். கடைசிப் பூச்சு மட்டும்தான் முழுசா இருந்திருக்கும். இது அடியில இருந்து மேல்வரைக்கும் ஒரே துண்டு. நேவி போன நாளில இருந்து அந்தத் திரை அசையேல்லை. சனிக்கிழமைதான் முதல் தரம்."

உள்ளே குசினியில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

"உச்சியில பூசினது நீங்கள்தான்," என்றாள் மக்டலின். "வேற ஒருத்தரையும் விடமாட்டீங்கள்."

மாஸ்டர் சாய்மனைக் கதிரையில் பின்னால் சாய்ந்தார். அவர் மறுக்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். மறுக்கவில்லை. அவர் எப்போதும் நல்ல நடிகர். எந்தக் காட்சி முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும்.

அவர் அதிகம் சொல்லவில்லை. கூரை போனால் போதும் என்று நினைத்தாராம். மேடைக்கும் சேர்த்து நெருப்பு வைக்கத்தான் போனார். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெயோடு கொஞ்ச நேரம் நின்றார். கை வரவில்லை. அப்போதுதான் அந்தச் சிவத்த மாலுமி ஞாபகத்துக்கு வந்தான். பிடியைத் தாழ்த்தியபோது திரை முதலில் வரவில்லை. பிறகு பெரிய சத்தத்தோடு கிழித்துக்கொண்டு வந்தது. அது ஏன் கிழிந்தது என்று அவர் யோசிக்கவில்லை.

"கிறிஸ்தோபர்?" என்றாள்.

"அவனை நான் திருநாளுக்கு அனுப்பினனான். அவன் வேளைக்கு வருவான் எண்டு நினைக்கேல்லை."

"அவன்ர போத்தலை எடுத்தனீங்கள்."

"கையில பட்டதை எடுத்தன்." குரல் தாழ்ந்தது. "ஒரு வருஷம் குடுப்பினம். கூடினால் ரெண்டு. வீட்டை நான் பாக்கிறன். அவன் வெளியில வரேக்கை புது மண்டபம் எழும்பியிருக்கும். அதுக்கும் அவன்தான் காவல்."

அவர் அதை ஒரு பரிசு கொடுப்பதுபோலச் சொன்னார். அதுதான் மக்டலினுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சபைக்கு முன்னால் வாளோடு நின்று எனக்கு எறியுங்கள் என்ற அதே குரல். அன்றைக்கு அவர் நடிக்கவில்லை என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தாள். இன்றைக்கும் அவர் நடிக்கவில்லை. இரண்டும் ஒரே மனிதன்.

அவள் பெயின்ற் துண்டைக் கைலேஞ்சியில் சுற்றினாள். எழுந்தாள். இன்ஸ்பெக்டரிடம் போவதாகச் சொன்னாள்.

"இரும்," என்றார் மாஸ்டர்.

அவள் இருக்கவில்லை.

"கம்பி எரியேல்லை எண்டு இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டவர். அந்தப் பிடி ஆருக்கு விளங்கும் எண்டு."

"என்ன சொன்னனீங்கள்?"

மாஸ்டர் முற்றத்தைப் பார்த்தார்.

"எனக்கு மிஷின் வேலை விளங்காது எண்டு சொன்னன். வெள்ளைக்காரன் உமக்குத்தான் காட்டினவன் எண்டு சொன்னன்."

மக்டலின் கதிரையின் முதுகைப் பிடித்தாள். இன்ஸ்பெக்டரின் மரியாதை அவளுக்கு இப்போது விளங்கியது. உடுப்பு அழுத்திக்கொண்டிருந்தேன். ஒருவருமில்லை. தன்னுடைய வாக்குமூலத்தைத் தானே எழுந்து நின்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு கதை, இன்ஸ்பெக்டருக்கு ஒரு கதை. எந்தக் கதையிலும் மாஸ்டர் இல்லை.

"கிறிஸ்தோபர் இருக்கும்வரைக்கும் உம்மை ஒருத்தரும் தேடமாட்டினம்," என்றார் அவர். மிரட்டவில்லை. பிள்ளைக்குப் பாடம் விளங்கப்படுத்தும் குரல். "அவனை நீர் வெளியில எடுத்தால் அடுத்த பேர் உம்முடையது. என்னை ஊரில ஆர் நம்பமாட்டினம், சொல்லும்? நான் ஏன் என்ர அரங்கை எரிக்கவேணும்? விடும், மக்டலின். புது மேடையில முதல் நாடகத்துக்கும் நீர்தான் ராணி."

அவள் விறாந்தையின் விளிம்பில் நின்றாள். படலைக்கு வெளியே கார் வேப்பமர நிழலில் நின்றது. ஸுஹைர் வெளியே இறங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பின் இருக்கையில் மரியமலர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் தலை தெரிந்ததும் கைகூப்பினாள். ஒரு சிறு சிரிப்பும் வந்தது அவளுக்கு.

மாஸ்டரும் அதைக் கண்டார். பழக்கத்தில் அவருடைய கையும் பாதி உயர்ந்தது.

மக்டலின் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"அவ காலமை இருந்து தண்ணியும் குடிக்கேல்லை, மாஸ்டர். புருஷன் ஆருக்காகக் கம்பிக்குப் பின்னால இருக்கிறான் எண்டு இப்ப அவவுக்குச் சொல்லவேணும். நீங்கள் வந்து சொல்லுறீங்களோ, நான் போய்ச் சொல்லட்டோ?"